வீட்டிலிருந்து சாலைக்குச் செங்குத்துத் தூரம்

இன்னும் பிறக்காத என் தங்கத்துக்கு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எழுதுகிற எனக்குப் பதினேழு. உன்னைவிடச் சின்னவள்தானே என்று எதிர்த்துப் பேசாதே, நான்தான் உன் அம்மா. உனக்கு என்ன பெயர் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன் அப்பா யாரென்றும் எனக்குத் தெரியாது, அதனால் அவரைப் பற்றி ஒன்றும் கேட்காதே. என் அம்மா உள்ளே தூங்குகிறாள். என் அப்பா காற்றாலைக்கு ராத்திரிக் காவலுக்குப் போயிருக்கிறார். நான் அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் தாளைப் புரட்டி எழுதுகிறேன். யாராவது பார்த்துவிட்டால் நான் தொலைந்தேன். ப்ளஸ் டூ படிக்கிற பெண் தன் மகளுக்குக் கடிதம் எழுதுகிறாள், அதுவும் கணக்கைப் பற்றி எழுதுகிறாள் என்றால் நம்புகிற அம்மா கோவில்பட்டி வட்டாரத்திலேயே கிடையாது. 'எவன்ட்டி அது?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து டி.சி. வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இந்தப் பயத்தை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அழுவேன், அழுதால் 'அழுதது போதும், பாத்திரத்தக் கழுவு' என்பார்கள். உன்னிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தாங்கள் சின்ன வயதில் பயந்தது மறந்துபோகிறது. அப்பாவிடம் கேட்டால் 'நான் எதுக்கும் பயந்ததில்ல' என்கிறார். நானும் ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவேன். அப்போது நீ இந்தத் தாளை எடுத்து என் முன்னால் வை.

முதலில் எங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். பசுவந்தனை போகிற சாலைக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊரின் கடைசி வீடு எங்களுடையது. புறவாசலில் நின்றால் எதிரே எங்கள் கரிசல் புஞ்சை, அதற்கு அந்தப் பக்கம் சாலை. பஸ் போவது நன்றாகத் தெரியும். ஆனால் பஸ் ஏற வேண்டும் என்றால் விலக்குக்குப் போக வேண்டும். பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை நாங்கள் விலக்கு என்போம். அந்தப் பாதை நேராகப் போகாது. கண்மாயைச் சுற்றி, சீமைக்கருவேலக் காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து போய்ச் சேரும். கண்ணுக்கு எதிரே இருக்கிற சாலைக்கு அவ்வளவு சுற்று. ஆனாலும் புஞ்சைக்குக் குறுக்கே யாரும் போவதில்லை. மழை பெய்துவிட்டால் கரிசல் மண் காலை விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி ஒட்டிக்கொண்டு, நாலு எட்டு வைப்பதற்குள் காலில் செங்கல் கட்டினது போல் ஆகிவிடும். அதைவிடப் பெரிய காரணம், விதைத்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது. அறுப்பு முடிகிறவரை அது அப்பாவின் சட்டம்.

சட்டம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் உன் மாமாத் தாத்தா கதையைக் கேள். அம்மாவின் தம்பி கழுகுமலையிலிருந்து பைக்கில் வந்தார். பாதையெல்லாம் சேறு என்று வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கையில் பலகாரப் பையோடு உளுந்துக்குள் இறங்கி நடந்தார். பாதித் தூரம் வந்திருப்பார். அப்பா பார்த்துவிட்டார். "ஏலே, யாருல அது உளுந்துக்குள்ள?" என்று ஒரு சத்தம். மச்சினன் என்று தெரிந்த பிறகும் சத்தம் குறையவில்லை. "அங்கனயே நில்லும்! காலை எடுக்கக் கூடாது!" மாமா ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். முன்னால் வந்தாலும் செடி, பின்னால் போனாலும் செடி. "மச்சான், நான் என்ன கொக்கா? எவ்வளவு நேரம் நிக்க?" என்று அவர் கத்த, கடைசியில் வந்த கால்தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிப் போகச் சொன்னார் அப்பா. மாமா பையோடு வண்டியேறி ஊருக்கே போய்விட்டார். இந்தக் கதை அம்மா வாயில் வராமல் எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் முடிந்ததில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். ப்ளஸ் டூவுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. முடிந்து பஸ் பிடித்து விலக்கில் இறங்கும்போது கார்த்திகை மாதத்தில் இருட்டிவிடும். அன்றைக்குப் பஸ்ஸும் தாமதம். என்னோடு யாரும் இறங்கவில்லை. கருவேலக் காட்டுக்குள் பாதி வந்திருப்பேன், பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தது. இரண்டு பேர். "ஏறிக்கோ பாப்பா, விட்டுருதோம்" என்றான் ஒருத்தன். வேண்டாம் என்றேன். வண்டி என்னைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, விளக்கை அணைத்தது. அவ்வளவுதான் நடந்தது, தங்கம். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான் முள்ளுக்குள் புகுந்து ஓடினேன். வீட்டுக்கு வந்தபோது ஒரு செருப்பு இல்லை, புத்தகப் பையை மட்டும் கட்டிப் பிடித்திருந்தேன். மறுநாள் காலையில் அப்பா காவல் முடிந்து வரும்போது அந்த ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்து வந்தார். அதைக் கழுவி, மற்றச் செருப்போடு ஜோடி சேர்த்து வாசலில் வைத்தார். பிறகுதான் சொன்னார்: "படிச்சது போதும். திங்கக்கிழமை வந்து டி.சி. வாங்கிருதேன். வீட்ல இருந்து பிரைவேட்டா எழுதிக்கோ." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் கூட்டி வர முடியாது, அந்த நேரம் அவருக்கு வேலை. அம்மா விலக்கில் வந்து நிற்கலாம் என்றால், அங்கே ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது, பஸ் எப்போது வரும் என்றும் தெரியாது. அம்மாவுக்கு யார் துணை?

அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பரவளையக் கணக்கில் எனக்குச் சுழியம். குவியமும் இயக்குவரையும் கொடுத்து, சமன்பாடு கேட்டிருந்தார்கள். குவியம் என்பது ஒரு புள்ளி, இயக்குவரை என்பது ஒரு கோடு. அந்தப் புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் சம தூரத்தில் இருக்கிற எல்லா இடங்களையும் சேர்த்தால் வருவது பரவளையம். எனக்கு வளைவுக்குப் பதிலாக நேர்கோடு வந்திருந்தது. மிஸ் தாளைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்கள்.

"ஏட்டி, பரவளையம் கேட்டா நீ கம்பு மாதிரி ஒரு கோட்டை நட்டு வச்சிருக்க?"

"ரெண்டு தூரமும் சமம்னுதான் மிஸ் போட்டேன்."

"இயக்குவரைக்குத் தூரம் எங்கன வரைக்கும் எடுத்த?"

கோட்டில் நான் குறித்து வைத்திருந்த ஒரு புள்ளியைக் காட்டினேன்.

"கோடு மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கு. நீ ஏன் அந்த ஒரு இடத்துக்கே போய் நிக்க?"

மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "கோட்டை ரோடுன்னு நெனச்சுக்கிட்டேன் மிஸ். ரோட்டுக்குத் தூரம்னா பஸ் நிக்குற இடம் வரைக்கும்தான?"

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கண்டக்டர் குரலில், "பரவளையம் விலக்கு எறங்கு, பரவளையம் விலக்கு எறங்கு! சில்லறையா வச்சுக்கோங்க!" என்றாள். மிஸ்ஸும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். உன்னை யாராவது இப்படிக் கேலி செய்தால் நீயும் கூடச் சேர்ந்து சிரித்துவிடு. அழுகையை அடக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. சிரித்து முடித்த பிறகு மிஸ் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. "ஸ்பெஷல் கிளாஸை விட்டா நீ கணக்குல கரையேற மாட்ட." டி.சி. வாங்கப் போகிறார்கள் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் புறவாசலில் உட்கார்ந்து அதே கணக்கை மறுபடி எடுத்தேன். உனக்கு நான் சொல்லித் தருகிறேன், பயப்படாதே. எங்கள் வீட்டைக் குவியம் என்று வைத்துக்கொள். சாலை இயக்குவரை. நடுவில் ஓர் ஆடு மேய்கிறது. அந்த ஆட்டுக்கு ஒரு கட்டளை: வீட்டுக்கு எவ்வளவு தூரமோ சாலைக்கும் அவ்வளவே தூரத்தில்தான் எப்போதும் நிற்க வேண்டும். வீட்டுக்கும் சாலைக்கும் சரிபாதியில் ஆதிப்புள்ளி. வீடு (4, 0). சாலை x = −4. ஆடு நிற்கிற இடம் (x, y). வீட்டுக்குத் தூரத்தின் வர்க்கம் (x − 4)² + y². இதுவரை நான் பரீட்சையிலும் சரியாகத்தான் போட்டிருந்தேன். சாலைக்குத் தூரம் எடுக்கும்போதுதான், ஆடு எங்கே நின்றாலும் அதைச் சாலையில் இருக்கிற (−4, 0) என்ற ஒரே புள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதனால் (x + 4)² + y² என்று வந்தது. இரண்டு பக்கமும் சமன் செய்தால் x² அடிபட்டது, y² அடிபட்டது, 16 அடிபட்டது, எல்லாம் போய் x = 0 என்று ஒரு மொட்டைக் கோடு மிஞ்சியது.

தலையை நிமிர்த்தினேன். கோவில்பட்டியிலிருந்து வருகிற பஸ் எங்கள் புஞ்சைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. விலக்கைத் தாண்டி வந்து, ஓடை வரை வந்து, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே வந்து, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. சாலை என்பது விலக்கு இல்லை. அது அவ்வளவு நீளத்துக்கும் சாலைதான். ஆடு சாலைக்குப் போக விலக்குக்குப் போக வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்து நேரே செங்குத்தாக நடந்தால் போதும். y மாறவே மாறாது. தூரம் வெறும் x + 4. மறுபடி போட்டேன். (x − 4)² + y² = (x + 4)². இந்தத் தடவை x² அடிபட்டது, 16 அடிபட்டது, y² அடிபடவில்லை. y² = 16x. ஆட்டை (4, 8) என்ற இடத்தில் நிறுத்திச் சரிபார்த்தேன். வீட்டுக்கு எட்டு, சாலைக்கும் எட்டு. (1, 4) என்ற இடத்தில் நிறுத்தினேன். ஐந்து, ஐந்து. தங்கம், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ என்ன படித்தாலும் சரி, ஒரு கணக்காவது இப்படி உனக்கே உனக்கு என்று திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதை நான் உனக்கு வாங்கித் தர முடியாது.

ஆனால் சிலிர்ப்பு அடங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் ஆடு போகிற வழியில் நானும் வரலாம். பஸ் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றால், விளக்கு வெளிச்சம் தெரிந்ததும் அம்மா புறவாசலில் இருந்து டார்ச் அடிக்கலாம். உளுந்துச் செடி முழங்காலுக்கும் கீழேதான். யாரும் ஒளிந்திருக்க முடியாது, வீட்டிலிருந்து கடைசிவரை நான் தெரிவேன். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். உளுந்து பூ விட்டிருக்கிறது. நாளைக்கு ஒருநாள்தான் இருக்கிறது. வாயைத் திறப்பேனா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை.

மறுபடி நான்தான். நேற்று நடந்ததிலிருந்து சொல்கிறேன்.

அப்பா காவல் முடிந்து வந்து தூங்கி எழுந்து, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, பஸ் நம்ம வீட்டுக்கு நேரத்தான போகுது?"

"போகுது. அதுக்கென்ன?"

"அங்கன நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவாவளா?"

"நிப்பாட்டுனா? அங்கன இருந்து பறந்து வருவியோ?"

"குறுக்க நடந்து வாரேன். அம்மா இங்கன இருந்து லைட் அடிச்சா போதும். காட்டுப் பாதைக்கே போக வேண்டாம்."

அப்பா சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "உளுந்துக்குள்ளயா?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "சரியாப் போச்சு. என் தம்பி பாதியில ஒத்தக் கால்ல நின்னான். இவ எங்கன நிக்கப் போறாளோ."

"நீ சும்மா கெட." அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பூ விட்டிருக்கு. தெரியும்லா?"

"தெரியும்ப்பா."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் புறவாசலுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடினால் கேட்டதே தப்பு என்று ஆகிவிடும் என்று நினைத்து, அவருக்குக் கொஞ்சம் தள்ளி நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் உளுந்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'போய்ப் படி' என்றாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு காவலுக்குப் போய்விட்டார்.

இன்று காலையில் அவர் வருவதற்கு முன்பே நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அதனால் அவர் என்ன முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அப்பாதானா என்று எட்டிப் பார்த்தேன். மத்தியானம் வரை வரவில்லை. மணி அடித்த பிறகும் வரவில்லை. ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்கவா, நாலு மணி பஸ்ஸுக்கு ஓடவா என்று பள்ளிக்கூட கேட் பக்கத்தில் நின்றேன். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருந்துவிட்டேன். மிஸ் அதே மாதிரிக் கணக்கு ஒன்றைப் போர்டில் எழுதி என்னை அழைத்தார்கள். போட்டேன். "பஸ்ஸை விட்டு எறங்கிட்டியா?" என்று சிரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கை வியர்த்து டிக்கெட் நனைந்துவிட்டது. விலக்கு வந்ததும் எழுந்தேன். கண்டக்டர், "உக்காரு தாயி, உனக்கு இது ஸ்டாப்பிங் இல்ல" என்றார். எனக்குப் புரியவில்லை. "காலையில ஒங்க அப்பா ரோட்டு நடுவுல நின்னு வண்டிய மறிச்சிட்டாவ. ஒங்க வீட்டுக்கு நேர ஒரு குச்சி நட்டு வெள்ளத் துணி கட்டியிருக்கு, அங்கனதான் நிப்பாட்டணுமாம். ரெண்டு அடி முன்ன பின்ன நின்னா சண்டைக்கு வருவாவளாம்" என்றார். டிரைவர், "எனக்கு லைசென்ஸ் குடுத்தவன்கூட இவ்வளவு கேள்வி கேக்கல" என்று முனகிக்கொண்டே குச்சிக்கு நேராக நிறுத்தினார்.

இறங்கினேன். எதிரே எங்கள் புறவாசலில் டார்ச் ஆடியது. என் காலடியில் இருந்து அந்த வெளிச்சம் வரைக்கும் ஒரு பாதை கிடந்தது. ஓர் ஆள் நடக்கிற அகலம், அதற்கு மேல் ஒரு விரல்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் உளுந்து பூவோடு நின்றது. நடுவில் இருந்ததை மட்டும் வேரோடு பிடுங்கியிருந்தார். கயிறு பிடித்து நேர்ப்படுத்தியிருக்க வேண்டும், எங்கும் கோணவில்லை. கோணினால் நீளும், நீண்டால் இன்னும் நாலு செடி போகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். சேறு அப்பியது. அம்மா பாதி வழி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ராத்திரி முழிச்சிட்டு வந்த மனுசன், படுக்கவே இல்ல. மத்தியானம் தாண்டியும் பிடுங்குனாவ. நானும் வாரேன்னா விட மாட்டேன்னுட்டாவ. நான் பிடுங்குனா அகலமாப் போயிருமாம்."

"டி.சி.?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு நட. அவியளாச் சொல்லட்டும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காற்றாலையிலிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "வந்துட்டாளா?" என்றார் அப்பா. வந்துவிட்டாள் என்றாள் அம்மா. "எங்கனயும் செடிய மிதிச்சாளா?" அம்மா என்னைப் பார்த்தாள். ஓரிடத்தில் நான் வழுக்கி இரண்டு செடி மேல் கால் வைத்ததை அவளும் பார்த்திருந்தாள். "ஒண்ணும் மிதிக்கல" என்றாள். "சரி. நாளைக்கும் அதே பஸ்ஸுல வரச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் சொன்னார், தங்கம். இதற்குள் என் கை வலிக்கிறது, நாளைக்குக் கிளாஸ் இருக்கிறது. நீ ஒருநாள் என்னிடம் ஏதோ ஒன்று கேட்டு வருவாய். நான் முடியாது என்பேன். கோபமாகவும் சொல்வேன், அப்பா பிள்ளைதானே நான். எதை நான் பூ விட்ட உளுந்தாக நினைத்துக் காத்துக்கொண்டிருப்பேனோ, எனக்கே இப்போது தெரியாது. நீ பாட்டுக்கு எழுந்து போய்விடாதே. ஒன்றும் பேசவும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி, என் கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்திரு. எனக்கு ஒரு ராத்திரி மட்டும் கொடு.

உன் அம்மா